சக்கரத்தின் உயரமும் படத்தின் வயதும்

தருமபுரிப் பக்கத்தில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கும் நடுகற்கள் பலவற்றுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் வேடியப்பன். எண்ணெய் பூசிப் பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர் வந்து வட்டெழுத்தை மைப்படி எடுத்துப் பார்த்தால் வேறு கதை வரும்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்கப்போய்ப் பட்டு விழுந்த ஒருவன். எழுத்தே இல்லாத கல்லானாலும் கையில் உள்ள வில், இடுப்பில் உள்ள குறுவாள், கொண்டையின் சாய்வு, காலடியில் செதுக்கிய மாடு ஆகியவற்றைக் கொண்டு காலத்தை நெருங்கிவிடுகிறார்கள். ஊர் சொல்லும் பெயரை யாரும் அவமதிப்பதில்லை. காலம் குறிக்கும்போது மட்டும் அதை ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

பழைய மோட்டார் வண்டிப் படங்களைப் படிப்பதற்கும் இந்தப் பழக்கம் வேண்டும். கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய படம். அதில் ஒரு கார், பக்கத்தில் தலைப்பாகையோடு ஒருவர். "ஜில்லாவிலேயே முதல் கார் இதுதான்" என்று வீட்டில் வழங்கும் பேச்சு. தலைமுறை மாற மாற அந்தப் பேச்சோடு ஓர் ஆண்டும் ஒட்டிக்கொள்ளும். 1895 என்பார்கள், 1900 என்பார்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "சக்கரத்தைப் பாருங்க, மாட்டு வண்டிச் சக்கரம் கணக்கா எவ்வளவு உசரம்!"

இந்தக் காரணம் நிற்காது. காரின் வரலாற்றில் சக்கரம் உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கி வந்தது என்று நாமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். நடந்தது அப்படியல்ல. எஞ்சின் முன்னால், ஓட்டுபவர் பின்னால், பின் சக்கரத்துக்கு விசை என்ற அமைப்பை பிரான்சில் பனார் கம்பெனி 1891-லேயே கொண்டுவந்துவிட்டது. 1901-ல் மெர்சிடஸ் வந்தபோது, தாழ்ந்த உடல், தேன்கூட்டு ரேடியேட்டர், காற்றடைத்த டயர் என்று இன்றைய காரின் முகமே வந்துவிட்டது. உயரச் சக்கர மோட்டார் வண்டிகள் சந்தையில் குவிந்ததோ அதற்கும் பின்னால்: ஏறத்தாழ 1907 முதல் 1912 வரை. அதாவது உயரச் சக்கரம் தெரிகிற படம், தாழ்ந்த சக்கரம் தெரிகிற படத்தைவிடப் பத்து வருஷம் இளையதாகவும் இருக்கலாம். சக்கரத்தின் உயரத்தில் ஆண்டு இல்லை. அந்த வண்டி எந்தப் பாதையை எண்ணிச் செய்யப்பட்டது என்பதுதான் இருக்கிறது.

அந்தப் பாதை அமெரிக்காவின் நடுப்பகுதியில், அயோவா, கான்சஸ் பக்கத்துச் சோள நாட்டில் இருந்தது. மழை பெய்தால் முழங்கால் சேறு. காய்ந்தால் குதிரை வண்டிகள் கிழித்த தடம் அப்படியே இறுகிக் கால்வாயாக நிற்கும். நகரத்துக் கார் அதில் இறங்கினால் அடிவயிறு மண்ணில் தட்டும், டயர் கிழியும். அந்த நாட்டு விவசாயி அறிந்த வண்டி பக்கி என்கிற இலேசான குதிரை வண்டி. அதையே எடுத்து, குதிரையை அவிழ்த்துவிட்டு, இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய எஞ்சினை வைத்தால் என்ன என்று யோசித்தவர்களில் முன்னோடி சிகாகோவின் ஹேரி ஹோல்ஸ்மன். இவர் தொழிலால் கட்டடக் கலைஞர். இவருடைய வண்டியில் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோனது கயிறு. நிஜமான மணிலாக் கயிறு. பின் சக்கரத்தின் உட்புறத்தில் சக்கர விட்டத்தை எட்டும் அளவுக்கு ஒரு வளையம் இருக்கும். அதன்மேல் கயிறு ஓடும். படத்தில் அந்த இரட்டை வளையம் தெரிந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஹோல்ஸ்மனை.

விவசாயக் கருவிகள் விற்ற இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1907-ல் இந்தச் சந்தைக்கு வந்தது. எட்வர்ட் ஜான்ஸ்டன் வடிவமைத்த அதன் ஆட்டோ பக்கிக்கு முன் சக்கரம் 40 அங்குலம், பின் சக்கரம் 44 அங்குலம். இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், செயின் மூலம் விசை, வட்ட ஸ்டீயரிங். தபாலில் பட்டியல் அனுப்பி ஊசி முதல் வீடு வரை விற்ற சியர்ஸ் கம்பெனி 1908-ல் தானும் ஒரு மோட்டார் பக்கி விற்றது. விலை 395 டாலரிலிருந்து தொடங்கியது. ரயிலில் மரப்பெட்டிக்குள் வந்து இறங்கும். வாங்கியவர் பெட்டியை உடைத்துச் சக்கரத்தை மாட்டி, எண்ணெய் ஊற்றி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இதை வடிவமைத்தவர் ஆல்வரோ கிராட்ஸ். இதன் சக்கரம் கொஞ்சம் சிறியது, 36 அங்குலம். ஸ்டீயரிங்குக்கு வட்டம் கிடையாது, படகின் சுக்கான் போல ஒரு நெம்புகோல்தான். 1912-ல் சியர்ஸ் இந்த வண்டி வியாபாரத்தை நிறுத்தியபோது மொத்தம் விற்றிருந்தது ஏறத்தாழ 3,500 வண்டிகள். சின்சினாட்டியின் ஷாட் கம்பெனி இன்னொரு வித்தை செய்தது: உயரச் சக்கர வண்டியின் முன்னால் நகரத்துக் காரைப் போல ஒரு பானட்டை ஒட்ட வைத்தது. இண்டியானாவின் ஆபர்ன் என்ற சிற்றூரில் மட்டும் கிப்லிங்கர், மெக்கிண்டயர், சிம்மர்மன் என்று பல பெயர்களில் இந்த வகை வண்டிகள் பிறந்தன.

எல்லாவற்றையும் முடித்து வைத்தது ஃபோர்டு டி மாடல். 1908 அக்டோபரில் 850 டாலருக்கு வந்தது. 1912-ல் இருவர் அமரும் வகை 590 டாலராக இறங்கியது. சக்கரம் 30 அங்குலம்தான். ஆனால் அடிப்பகுதி தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருந்தது. குறுக்காகப் போட்ட ஸ்பிரிங்குகள் சக்கரத்தை எந்தப் பள்ளத்திலும் இறக்கி ஏற்றின. சேற்றைக் கடக்க உயரச் சக்கரம் தேவையில்லை என்று தெரிந்த பிறகு பக்கிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இதெல்லாம் தருமபுரிக்கு என்ன தூரம் என்று தோன்றலாம். பாதையை வைத்துப் பார்த்தால் தூரமே இல்லை. தருமபுரி அன்று சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா; தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல்தான். பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் போகும் பெரிய சாலை கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக வந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கும். அந்தப் பெரிய சாலையைக் கப்பி ரோடு என்று சொல்லிக்கொள்ளலாம். அதைவிட்டுக் கிளைத்தவையெல்லாம் வண்டிப்பாட்டைகள். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாடுகள் பூட்டிய பார வண்டிகள், இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தால் ஆண்டுக்கணக்கில் ஒரே தடத்தில் போய் மண்ணை அறுத்து வைத்திருந்தன. அந்த வண்டியின் சக்கரம் ஓர் ஆளின் நெஞ்சு உயரம். தச்சர் அவ்வளவு உயரமாகச் செய்ததற்குக் காரணம் ஹோல்ஸ்மன் நினைத்த காரணமேதான். விட்டம் பெரிதானால் கல்லில் ஏறுவதும் பள்ளத்திலிருந்து எழுவதும் எளிது. இருசு தரையில் தட்டாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தடம் விழுந்த பாதையில் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் தடத்தோடு பொருந்தாவிட்டால் ஒரு சக்கரம் பள்ளத்திலும் மறு சக்கரம் மேட்டிலும் ஓடும். வண்டி ஒருக்களித்தே போகும். அமெரிக்காவில் பொதுவான தட அகலம் 56 அங்குலம், தென் மாநிலங்களில் 60. அதனால்தான் ஃபோர்டு கம்பெனிகூட 1916 வரை தென்பகுதிக்கென்று 60 அங்குல அகலத்தில் தனியாகக் கார் செய்து கொடுத்தது. நம் பாட்டைகளில் தடத்தைத் தீர்மானித்தது அந்தந்த வட்டாரத்துத் தச்சரின் அளவுகோல். வெளிநாட்டுக் கார் எதுவும் அந்த அளவைக் கேட்டுக்கொண்டு கப்பல் ஏறவில்லை. காற்றடைத்த டயருக்கு இந்தச் சீமையில் வேறு எதிரிகளும் உண்டு: கருவேல முள், மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணி. அதைப் பார்த்தால் திண்ம ரப்பர் பட்டை போட்ட உயரச் சக்கர வண்டி தருமபுரிக்கென்றே அளவெடுத்துச் செய்தது போலத்தான் இருக்கிறது.

பொருத்தம் சான்று ஆகாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓர் ஊருக்கு ஒரு வண்டி பொருந்தும் என்பதால் அது அந்த ஊருக்கு வந்தது என்று ஆகிவிடாது. சென்னை மாகாணத்தின் தொடக்கக் கால மோட்டார் சந்தை பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று சொல்லப்படும் கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி வைத்திருந்தது பிரெஞ்சு டி டியான் வண்டி, எம்.சி. 3 என்பது அதன் எண். ஆகவே நம் பக்கத்துப் படம் ஒன்றில் உயரச் சக்கரம் தெரிந்தால், சிகாகோவுக்குத் தந்தி அடிக்கும் முன்னால் பக்கத்தில் இருக்கும் மூன்று சாத்தியங்களை விலக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி.

முதலாவது, ஸ்காட்லாந்தின் நாய்வண்டிகள். நாய் இழுப்பதல்ல, வேட்டை நாய்களை ஏற்றிப்போகும் குதிரை வண்டியின் வடிவத்தில் செய்த மோட்டார். ஆரல் ஜான்ஸ்டன் கம்பெனி 1890-களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய பத்து வருஷம் இதைச் செய்தது. மெருகேற்றிய மரப்பலகை உடல், உயர்ந்த மரச்சக்கரம், வண்டியின் தளப்பலகைக்கு அடியில் எஞ்சின், செயின். தளப்பலகை வழியாக மேலே வரும் கயிற்றை இழுத்துத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அமெரிக்கப் பக்கியின் உடல் காற்றில் பறந்துவிடும் போல ஒல்லி. இதுவோ மரப்பெட்டி, கனம் தெரியும். ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைந்த பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, வளைமுக ஓல்ட்ஸ்மொபைல். 1901 முதல் 1907 வரை வந்த அமெரிக்க வண்டி, முன்பலகை பனிச்சறுக்கு வண்டி போல உள்நோக்கிச் சுருண்டிருக்கும், ஸ்டீயரிங்குக்கு நெம்புகோல், பக்கி போன்ற இருக்கை. பார்த்த மாத்திரத்தில் உயரச் சக்கர வண்டி என்றே தோன்றும். அளந்தால் சக்கரம் 28 அங்குலம்தான். உடல் சிறியதாக இருப்பதால் சக்கரம் பெரிதாகத் தெரிகிற கண்மயக்கம்.

மூன்றாவது நம்முடைய சரக்கு. சேசிஸ் மட்டும் கப்பலில் வரும். உடலை இங்கே கட்டுவார்கள். சென்னை சிம்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியது. குதிரைச் சேணத்திலும் கோச்சு வண்டியிலும் பெயர் பெற்றது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். இந்தியாவில் கட்டிய முதல் நீராவிக் கார் அது என்று சொல்லப்படுகிறது. 1905-ல் அந்தக் கம்பெனி கட்டிய நீராவிப் பஸ் பெஜவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடியது. கோச்சு கட்டிய கை காருக்கு உடல் கட்டினால் அது கோச்சின் சாயலில்தான் வரும். இன்றும் லாரி சேசிஸை வாங்கி நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டுகிறோம், பஸ்ஸுக்குக் கரூர். லாரியின் பாடியைப் பார்த்து அது எந்தக் கம்பெனி எஞ்சின் என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். பழைய படத்தில் மட்டும் உடலை நம்பி ஏமாறுகிறோம்.

ஆக, பார்வையை உடலிலிருந்து சக்கரத்துக்கு இறக்க வேண்டும். நம் வண்டித் தச்சர்களிடம் சக்கரத்தின் உறுப்புகளுக்கு நல்ல பெயர்கள் உண்டு: நடுவில் குடம், அதிலிருந்து புறப்படும் ஆரக்கால், ஆரக்கால் போய் இறங்கும் வட்டை, வட்டைக்கு மேலே இரும்புப் பட்டை, குடத்துக்குள் இருசு, கழன்று போகாமல் கடையாணி. மாட்டு வண்டிச் சக்கரத்தில் வட்டை என்பது வளைவாக அறுத்த மரத்துண்டுகளின் கோவை. ஒரு துண்டுக்கு இரண்டு ஆரக்கால் இறங்கும். அதனால் துண்டுக்குத் துண்டு இணைப்புக் கோடு தெரியும். அமெரிக்கப் பக்கியின் சக்கரம் வேறு மாதிரி. ஹிக்கரி என்ற மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்து, இரண்டே அரைவட்டங்களாகப் போட்டிருப்பார்கள். இணைப்பு இரண்டு இடத்தில் மட்டும். வட்டை விரல் தடிமன்தான். நல்ல தெளிவான அச்சுப்படியில் பூதக்கண்ணாடி வைத்தால் இந்த இணைப்புகள் தெரியும்.

குடத்தைப் பார்த்தால் இன்னும் நிச்சயம். 1857-ல் ஜேம்ஸ் சார்வன் என்பவர் காப்புரிமை வாங்கிய குடம் பக்கிகளில் பரவியது. மரக்குடத்தின் இரு பக்கமும் இரும்பு வளையத் தகடு வைத்து, ஆரக்கால்களுக்கு நடுவே ஆணி அறைந்து இறுக்கியிருப்பார்கள். படத்தில் குடத்தைச் சுற்றி ஒரு பளபளக்கும் வளையமும் அதில் புள்ளி புள்ளியாக ஆணித் தலைகளும் தெரியும். கார்களுக்கென்று வந்த பீரங்கி வண்டிச் சக்கரத்தில் மரக்குடமே கிடையாது. ஆரக்கால்களின் அடி ஆப்பு போலச் சீவப்பட்டு ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். இரும்புத் தகடுகள் போல்ட்டால் அவற்றைப் பிடித்திருக்கும். ஆரக்கால் குட்டை, தடிமன். இந்த மரச்சக்கரம் 1920-களின் கடைசிவரை அமெரிக்கக் கார்களில் ஓடியது. அதனால் மர ஆரக்காலைப் பார்த்ததும் நூற்றாண்டின் தொடக்கத்துக்குத் தாவ வேண்டாம். அது 1927-ஆம் வருஷத்து செவர்லேயாகவும் இருக்கலாம்.

அளவெடுப்பது அடுத்த படி. அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. வண்டியை நேர் பக்கவாட்டில் எடுத்த படம் அரிது. முக்கால் பக்கமாக நிறுத்தித்தான் எடுப்பார்கள். அப்படி எடுத்தால் வட்டம் நீள்வட்டமாகச் சுருங்கும். மேலிருந்து கீழாக உள்ள விட்டம் அவ்வளவாகச் சுருங்காது. அகலவாட்டு விட்டம்தான் சுருங்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரமும் அதே திசையில் இருப்பதால் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் சுருங்குகிறது. எனவே அச்சு இடைவெளியைச் சக்கரத்தின் அகலவாட்டு விட்டத்தால் வகுத்தால் சுருக்கம் தானாக அடிபட்டுப் போய், உண்மை விகிதம் கைக்கு வரும். ஃபோர்டு டி மாடலுக்கு அச்சு இடைவெளி 100 அங்குலம், சக்கரம் 30, விகிதம் 3.3. வளைமுக ஓல்ட்ஸ்மொபைலுக்கு 66-ஐ 28-ஆல் வகுத்தால் 2.4-க்குக் கொஞ்சம் குறைவு. சியர்ஸின் தொடக்க மாடலுக்கு 72-ஐ 36-ஆல் வகுக்க, சரியாக 2. கேமரா மிக அருகில் இருந்திருந்தால் முன்னே இருக்கும் சக்கரம் ஊதிக் காட்டும். அப்போது இரண்டு சக்கரங்களின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். விகிதம் 3-க்கு மேல் வந்தால், யார் என்ன சொன்னாலும், அது உயரச் சக்கர வண்டி அல்ல.

இது முடிந்த பிறகு மற்ற உறுப்புகள். முன்னால் ரேடியேட்டர் இல்லையா? எஞ்சின் இருக்கைக்கு அடியிலா? வண்டியின் நீளவாட்டில் முன் அச்சையும் பின் அச்சையும் சேர்க்கும் கம்பு உண்டா? பின் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனிச் செயினா? பக்கத்தில் மண்ணெண்ணெய் லாந்தர் மட்டுமா, முன்னால் கார்பைடு விளக்கும் உண்டா? இவற்றில் ஒன்று தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. நான்கு ஒன்றாகக் கைகோத்தால் நம்பலாம்.

ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதைப் பெரிய சான்றாகக் காட்டுவார்கள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளிலேயே வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுபவை ஏராளம். தவிரவும் படமே திரும்பியிருக்கலாம். கண்ணாடித் தகடு நெகட்டிவைப் புரட்டிப்போட்டு அச்சடித்தால் இடம் வலமாகும்; பிற்காலத்தில் நகல் எடுத்தவர் கவனிக்காமல் விட்டிருப்பார். இதைக் கண்டுபிடிக்க நம்மிடம் வெள்ளைக்காரனுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. படத்தில் மேல்சட்டை இல்லாத ஒரு பிராமணர் நின்றால் பூணூல் எந்தத் தோளில் என்று பாருங்கள். இடத்தோளில் இருக்க வேண்டியது வலத்தோளில் இருந்தால், திதி கொடுத்துவிட்டு நேரே காருக்கு வந்து நின்றாரா, அல்லது தகடு திரும்பிவிட்டதா? தகடு திரும்பியதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சட்டை போட்டவரானால் பொத்தான் வரிசை. ஆண் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வந்து மூடும்.

நிறத்திலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. பழைய தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு, படத்தில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். ஆரக்காலுக்குப் பளிச்சென்று சிவப்பு அடித்த வண்டியும் படத்தில் அமாவாசைக் கறுப்புத்தான். தருமபுரிச் செம்மண்ணும் அப்படியே, கரிசல் காட்டில் எடுத்த படம் போலத் தோன்றும். மண்ணின் நிறத்தைப் பார்த்து "இது நம்ம பக்கம் இல்லை, கோவில்பட்டிப் பக்கம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, கார் நிஜம்தானா என்பது. ஸ்டூடியோக்களிலும் திருவிழாக் கடைகளிலும் பலகையில் அறுத்து வண்ணம் தீட்டிய கார் இருந்தது. பின்னால் ஏறி நின்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ளலாம். திரையில் தீட்டிய காருக்கு முன்னால் நாற்காலி போட்டும் எடுத்தார்கள். மங்கிய நகலில் இது ஏமாற்றிவிடும். ஓவியர் எங்கோ பார்த்த காரைத் தன் மனம்போல வரைந்திருப்பார். சக்கரத்தை அழகுக்காக உயர்த்தியும் இருப்பார். சக்கரத்துக்குக் கீழே நிழல் விழுகிறதா, ஆரக்கால்களுக்கு இடையே பின்னணி தெரிகிறதா என்று பார்த்தால் பலகை பலகையாகவே நின்றுவிடும்.

வண்டியை விட்டு விலகிச் சுற்றுப்புறத்தைப் பார்த்தால் வேறு துப்புகள் கிடைக்கும். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் குறும்பாதை ரயில் வந்தது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவருவதற்கென்று போட்ட இந்தப் பாதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷன் முற்றத்தில் எடுத்த படத்தில் இந்தத் தண்டவாளம் தெரிந்தால் இரண்டு லாபம். படம் 1906-க்கும் 1940-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது என்று ஆகிறது. தண்டவாள இடைவெளி 30 அங்குலம் என்பதால், அதே தூரத்தில் நிற்கும் வண்டியின் சக்கரத்தை அதை வைத்தே அளந்துவிடலாம். காரின் படியில் கட்டிய பெட்ரோல் டின்னில் பர்மா ஷெல் என்று இருந்தால் அது 1928-க்குப் பிந்தியது; அந்தக் கம்பெனி அன்றுதான் பிறந்தது. தலையில் காந்தி குல்லாய் தெரிந்தால் 1920-க்கு முன்னே போக முடியாது. ஃபோர்டு காரில் ரேடியேட்டர் பித்தளையாகப் பளபளத்தால் 1916 மாடல் வரைக்குள். கறுப்பானால் அதற்குப் பின். இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால், "1900-ஆம் வருஷத்துக் கார்" என்று வீடுகளில் மாட்டியிருப்பவற்றில் பெரும்பகுதி 1917-க்கும் 1930-க்கும் இடையில் வந்து விழுந்துவிடும் என்றே எதிர்பார்க்கிறேன். ஃபோர்டும் செவர்லேயும் இந்தியச் சிற்றூர்களுக்குள் நுழைந்த காலம் அது. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சேவ்ரியில் கார் பூட்டத் தொடங்கியது 1928-ல். அதன் பிறகு சிறு மிராசுதாருக்கும் கார் எட்டியது.

வீட்டுக்காரர்களுக்கு இது வருத்தம் தரும் செய்திதான். இருந்தாலும் 1924-ல் அரூரிலோ பாலக்கோட்டிலோ ஒருவர் கார் வைத்திருந்தார் என்றால், அது எவ்வளவு பெரிய சங்கதி! பெட்ரோல் டின்னில் வரவேண்டும், உதிரிப் பாகம் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவேண்டும், டிரைவரே மெக்கானிக்காக இருக்க வேண்டும். அந்தக் கதையை விட்டுவிட்டு "முதல் கார்" என்ற பட்டத்தைப் பிடித்துத் தொங்குவது எனக்கு விளங்கவில்லை.

ஆவணங்களைத் தேடப் புறப்படுகிறவர்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தருமபுரி என்ற தலைப்பில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பக் கூடாது. 1965-க்கு முந்திய எதுவும் சேலம் ஜில்லாவின் பெயரில்தான் இருக்கும். 1918-ல் எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் ஜில்லா கெசட்டியர் சாலைகளையும் குறும்பாதை ரயிலையும் அறிய முதல் கதவு. மோட்டார் பதிவைப் பொறுத்தமட்டில் 1914-ஆம் வருஷத்து இந்திய மோட்டார் வாகனச் சட்டத்துக்கு முன் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி விதி. ஆகவே எண்பலகை தெரிந்தால் அதை எந்த விதியின்படி எழுதினார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்துப் படமானால், மைசூர் சமஸ்தானப் பதிவும் உள்ளே வரக்கூடும். எல்லை அவ்வளவு கிட்டம்.

ஸ்டூடியோக்களின் பக்கமிருந்தும் வரலாம். தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்யும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. ஒரு ஸ்டூடியோ எந்த ஆண்டுகளில் எந்தத் தெருவில் இருந்தது என்று தெரிந்துவிட்டால் படத்தின் வயது சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அதற்கு முதலில் ஸ்டூடியோவின் பெயர் வேண்டும். அது படத்தை ஒட்டிய அட்டையின் கீழ் ஓரத்திலோ பின்புறத்திலோ அச்சாகியிருக்கும். வீடுகளில் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். பழைய சட்டத்தைக் கழற்றும்போது அட்டையைப் பிய்க்காமல் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்துகொண்டு, வெட்டிய விளிம்பில் அரை எழுத்தாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு புதுச் சட்டம் போடலாம்.